கம்பும் களரியும் பதக்கப் பட்டியலும்

சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தி புறநானூற்றில் இடம் பெற்றுள்ளது. சாத்தந்தையார் அப்போரை நேரிற் கண்டார் போலப் பாடியுள்ளார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் அவ்வீரன்பால் கொண்ட காதலையும் அதே நூல் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது. அம்மையாரின் பாட்டொன்றில் ஒரு சுவையான குறிப்பு உண்டு. வென்றவன் கிள்ளியே என ஒரு சாராரும், இல்லை என மற்றொரு சாராரும் அங்கேயே வழக்காடினராம். நடுவர் இல்லை, புள்ளிக் கணக்கு இல்லை, பதக்கமும் இல்லை. வெற்றிக்குச் சான்றாக இருந்தது பாட்டு ஒன்றே.

இப்பழஞ்செய்தி இவ்வாண்டு என் நினைவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சிறுவர் சிலர் மேடையேறிக் கம்பு சுழற்றினர். அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது, மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மொத்த வாணிகம் ஒன்றிற் கணக்கெழுதும் நெல்லைச் சீமை நண்பர் என்னருகில் வந்தார். அவர் மகனும் அன்று ஆடியவருள் ஒருவன், வயது 17. "அண்ணாச்சி, இவன் கம்பு விளையாட்டிலே மாநிலப் போட்டி வரைக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். அதைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டிலே மத்திய அரசு வேலைக்கு மனுப் போடலாமா? நீங்கள் அந்த இடத்திலேயே இருக்கிறவராயிற்றே" என்று கேட்டார்.

இருபதாண்டுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்பவன் நான். அக்கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். ஆயினும் அன்று உடனே சொல்ல மனம் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று கூறி வந்துவிட்டேன். அவ்விடையின் பின்னுள்ள வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் தகுதி மிக்க விளையாட்டு வீரர்களை நேரடியாக அமர்த்த விதி உண்டு. எந்தெந்த விளையாட்டுகளுக்கு இச்சலுகை பொருந்தும் என்பதற்கு ஒரு பட்டியலும் உண்டு. நெடுங்காலம் 43 விளையாட்டுகளைக் கொண்டிருந்த அப்பட்டியல் 2020 செப்டம்பரில் வந்த குறிப்பாணையால் 63 ஆக விரிந்தது. புதிதாக நுழைந்த இருபதில் ஜப்பானியரின் கூடோ இருந்தது. இந்தோனேசியரின் பென்சாக் சிலாட் இருந்தது. சீனரின் வூஷு இருந்தது. மராட்டியர் போற்றும் மல்லர்கம்பம் இருந்தது, அது நியாயமே. கயிறிழுத்தலும் டென்னிஸ் பந்து கொண்டு ஆடும் கிரிக்கெட்டும் கூட இருந்தன. சிலம்பம் இல்லை, களரிப்பயிற்றும் இல்லை. ஜாவாத் தீவின் அடவைக் கற்ற பிள்ளைக்கு இந்நாட்டு அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலி கிடைக்க வழி பிறந்தது. தென்பாண்டிச் சீமையின் கம்பைக் கற்ற பிள்ளைக்கு அவ்வழி திறக்கவில்லை. அக்குறிப்பாணை சுற்றுக்கு வந்தபோது கண்டதற்கு அடையாளமாக நானும் சுருக்கொப்பமிட்டேன். நண்பர் கேட்கும் வரையில் அதனை மீண்டும் நினைத்தேனில்லை.

இது யாரோ பகைமையால் செய்தது அன்று. பட்டியல் தயாரிப்போர் பார்ப்பது, ஒரு விளையாட்டுக்கு ஏற்பு பெற்ற தேசியச் சம்மேளனம் உண்டா, அனைத்துலகப் போட்டி உண்டா என்பவற்றையே. கூடோவுக்கும் சிலாட்டுக்கும் அவை இருந்தன. ஆதலின், ஒலிம்பிக் என்றும் ஆசிய விளையாட்டு என்றும் நாம் தொலைவில் வைத்துப் பேசும் பெருவிழாக்களின் நிழல், மட்டாஞ்சேரியில் ஒரு கணக்கர் வீட்டுக் கூடம் வரை நீள்கிறது.

சிலம்பத்தையும் களரியையும் ஒருங்கே வைத்துப் பேசுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். மலையாள நாட்டில் வாழும் நமக்குக் களரி அண்டை வீட்டார் சொத்தாகத் தோன்றுகிறது. மாலைதோறும் கொச்சிக் கோட்டைப் பகுதியில் அயல்நாட்டுப் பயணிகளுக்கு நடத்திக் காட்டப்படும் வாள்பயிற்றை நாமும் சாலையோரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம். ஆனால் களரி ஒன்றன்று. வடமலபாரின் முறை வேறு. தெற்கன் எனப்படும் முறை வேறு. வடக்கில் நிலத்தைத் தோண்டி 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாகக் களரி அமைப்பர், கன்னிமூலையில் பூத்தறை இருக்கும், கற்பிப்பவர் குருக்கள். தெற்கிலோ கற்பிப்பவர் ஆசான். அவர் முறை அகத்தியர் வழி வந்ததென்பர். அவர் கையிலிருக்கும் வர்மச் சுவடிகள் தமிழில் உள்ளன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்னும் கணக்கும் தமிழ்க் கணக்கே. அடிமுறை, வர்ம அடி என்று கன்னியாகுமரி மாவட்டத்தார் வழங்குவதும் இதனோடு ஒருகுலத்ததே. அம்மாவட்டத்தின் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சார்ந்திருந்தன. அன்று வரைந்த எல்லைக்கோடு ஒரு கலையின் நடுவே சென்றது. அப்பால் நின்றது களரியாயிற்று. இப்பால் நின்றது அடிமுறையாயிற்று.

இவ்வூரிலேயே இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. கொச்சிக் கடற்கரை ஊர்களில் இலத்தீன் கிறித்தவர் ஆடும் சவிட்டு நாடகத்தைப் பலர் கண்டிருக்கலாம். பலகை மேடை அதிரக் காலை ஓங்கி மிதித்து ஆடும் கூத்து அது. 'கார்ல்மான் சரிதம்' முதலியவற்றை யாத்தவர் தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது அவர்கள் மரபு. பழைய நாடகங்களின் மொழி தமிழ் பெரிதும் விரவியது. அதில் வேடங்கட்ட வருவோர் முதற்கண் களரிச் சுவடும் வாள்வீச்சும் பழக வேண்டும். பிரெஞ்சுப் பேரரசன் கதையைத் தமிழ்ச் சொல்லாலும் மலையாளக் களரியடியாலும் ஆடுகின்ற ஊரில் இருந்துகொண்டு, கம்பு நமது, களரி அவர்களது என்று நாம் பிரித்துப் பேசுவது சற்றே விந்தைதான்.

படைக்கலப் பயிற்சி இந்நாட்டில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை அயலார் எழுதியவற்றால் அறிகிறோம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரளத்தில் வாழ்ந்த போர்த்துகேயர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர் ஏழு வயதிலேயே பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதைக் குறித்திருக்கிறார். தமிழகத்திற்கு வந்தால் கும்பினிப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் நமக்குச் சான்று. 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று அவர் எழுதினார். அதே சின்ன மருதுவை எதிர்த்த போரிலும் வெல்ஷ் பங்கு கொண்டார். மருதிருவர் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கற்பித்தவன் கழுத்திற் கயிறு விழுந்ததைக் கற்றவன் தன் ஏட்டில் பதிந்து வைத்தான். இதனை முதன்முறை படித்த இரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

பாளையக்காரர் போர் ஓய்ந்தபின் தெற்குச் சீமையில் படைக்கலம் ஏந்துவது தடுக்கப்பட்டது. மலபாரில் பழசிராஜா 1805 நவம்பரில் மாண்டார். அங்கும் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. நம் கொச்சியில் 1808 டிசம்பரில் பாலியத்தச்சனின் ஆட்கள் கும்பினி ரெசிடெண்டு மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினர். மறுமாதம் வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் அறைகூவல் விடுத்தார். அவ்வெழுச்சியும் 1809இல் அடக்கப்பட்டது. எட்டாண்டுக்குள் தென்னாட்டின் படைக்கலைகள் யாவும் வேலையிழந்தன எனலாம். வேல் போயிற்று, வாள் போயிற்று. எஞ்சியது கம்பு. மாடு மேய்ப்பவன் கையிலும் வழிப்போக்கன் கையிலும் இருக்கும் மூங்கிற் கம்பை எந்தச் சட்டம் பறிக்க முடியும்? கோயிற் கொடையிலும், முகரம் ஊர்வலத்திலும், மஞ்சுவிரட்டு நாளிலும் சிலம்பம் ஆட்டம் என்னும் பெயரால் உயிர் தரித்தது. கேரளத்தில் கோட்டக்கல் கணாரன் குருக்களைப் போன்ற சிலர் எஞ்சியதைத் திரட்டிக் காத்தனர். அவர் மாணவர் சி.வி. நாராயணன் நாயர் ஊர் ஊராகச் சென்று களரியை மேடையேற்றினார். 1944இல் அவர் இளமையிலேயே மறைந்தும் அவர் பெயர் தாங்கிய களரிகள் இன்றும் நடைபெறுகின்றன.

தமிழர்க்கு மேடையாய் அமைந்தது திரைப்படம். 'பெரிய இடத்துப் பெண்' 1963இல் வந்தது. அதில் எம்.ஜி.ஆர். கம்பு சுழற்றிய காட்சிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு மூங்கிலுக்குத் தட்டுப்பாடு வந்ததாக என் தந்தையார் நகைப்பாகச் சொல்வார். பாலக்காட்டுக் குடியிற் கண்டியிற் பிறந்து தமிழர் நெஞ்சில் வாழ்ந்தவர் அவர். அவரைக் கொண்டாடுகையில் எல்லைக்கோடு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இனி உலக அரங்கிற்கு வருவோம். ஒரு நாட்டின் போர்க்கலை ஒலிம்பிக் விளையாட்டான கதையை ஜப்பானியரிடம் கேட்க வேண்டும். கானோ ஜிகோரோ என்னும் ஆசிரியர் பழைய ஜூஜுத்சு முறைகளிலிருந்து உயிர்க்கேடு விளைக்கும் பிடிகளை விலக்கி, எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தி, 1882இல் கோடோகான் பள்ளியை நிறுவினார். ஜூடோ பிறந்தது. 1909இல் அவர் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். 1938இல், கெய்ரோவில் நடந்த அக்குழுவின் கூட்டம் முடிந்து திரும்பும் வழியிற் கப்பலிலேயே உயிர் நீத்தார். ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964இல், டோக்கியோவில். பள்ளி தொடங்கி 82 ஆண்டுகள்! அங்கும் எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானிய வீரரை வீழ்த்தியவர் ஹாலந்து நாட்டு ஆன்டன் கீசிங்க். டச்சுக்காரர் பழுதுபார்த்த அரண்மனையை நாள்தோறும் கடந்து செல்லும் நமக்கு அவர்கள் பிறர் மண்ணில் வெல்வது புதிதன்று. கலையை உலகுக்குக் கொடுத்தால் உலகம் அதில் நம்மையே வெல்லும் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கொரியர் வழி வேறு. பல பெயரில் இயங்கிய பள்ளிகளை 1955 முதல் டேக்வாண்டோ என்னும் ஒரு பெயரின் கீழ்க் கொணர முயன்றனர். 1973இல் உலகச் சம்மேளனம் அமைத்தனர். 1988இல் தம் தலைநகர் சியோலில் காட்சிப் போட்டியாக நடத்தினர். 2000இல் சிட்னியில் பதக்கப் போட்டியாக்கினர். கராத்தேவுக்கோ 2021இல் நடந்த டோக்கியோ விழாவில் மட்டுமே இடம் கிடைத்தது. 2024 பாரிஸில் அது இல்லை. பென்சாக் சிலாட்டின் நிலையும் எண்ணத்தக்கது. 2018இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தபோது அது சேர்க்கப்பட்டது. 16 தங்கப் பதக்கங்களுள் 14ஐ இந்தோனேசியரே கொண்டனர். அடுத்து ஹாங்சோவில் நடந்த விழாவில் சிலாட் இல்லை. விருந்தளிப்பவன் தன் வீட்டுப் பண்டத்தை இலையில் வைப்பான். அடுத்த வீட்டு விருந்தில் அது இராது. நம் நாடு 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்பி 2024 அக்டோபரில் விருப்பக் கடிதம் அனுப்பியுள்ளது. 2030இன் காமன்வெல்த் விளையாட்டுகள் அகமதாபாத்திற்கு 2025 நவம்பரில் வழங்கப்பட்டன. நம் இலையில் எப்பண்டத்தை வைப்பது என்ற பேச்சு எழும். அப்போது சிலம்பத்திற்காக ஒரே குரல் எழுமா என்பதுதான் என் ஐயம்.

கோலடி ஒலிம்பிக்கிற்கே புதிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1904இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகரில் நடந்த ஒலிம்பிக்கில் வாள்வீச்சின் ஒரு பிரிவாக ஒற்றைக்கோல் ஆட்டம் இருந்தது. கலந்து கொண்டவர் மூவர்! அதன்பின் அது மறைந்தது. அமெரிக்கர் மூவர் ஆடியது ஒலிம்பிக் ஆயிற்று; திருவிழாக்களில் ஆயிரவர் ஆடுவது ஆகவில்லை. ஆனால் இதனை நினைத்து நாம் மார்தட்டிக் கொள்வதற்கும் இல்லை. கோடைகால ஒலிம்பிக்கில் ஒரு விளையாட்டைச் சேர்க்க, ஆடவர் 4 கண்டங்களில் 75 நாடுகளிலாவது, மகளிர் 3 கண்டங்களில் 40 நாடுகளிலாவது ஆட வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. அவ்விதி தளர்ந்துவிட்டது. எனினும் பரப்பு என்னும் அளவுகோல் போய்விடவில்லை. தமிழர் குடியேறிய நாடுகளில் மட்டும் ஆடப்படும் கலைக்கு அது இன்றும் பெருந்தடையே.

நம் நாட்டிலிருந்து சென்று வென்ற முன்மாதிரி ஒன்று உண்டென்றால் அது கபடி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி உடற்பயிற்சி மன்றத்தார் அங்கே அதனை ஆடிக் காட்டினர். 1951இலும் 1982இலும் தில்லி ஆசிய விளையாட்டுகளில் காட்சிப் போட்டியாயிற்று. 1990இல் பெய்ஜிங்கில் பதக்கப் போட்டியாயிற்று. அவ்வணியில் நம் தமிழகத்து ராஜரத்தினமும் ஆடினார். நாம் சடுகுடு என்று ஆடியதுதான் அது. மராட்டியர் ஹுதுது என்றனர். வங்காளிகள் ஹாடுடு என்றனர். ஈழத்தார் குடு என்றனர். அனைத்துலக விதி வந்தபோது பாடிச் செல்பவன் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்று, 'கபடி', என்று வகுக்கப்பட்டது. எங்கள் ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பாட்டு இருந்தது. எதிரணியை இடித்துரைப்பதும், மாமன் மகளைக் கேலி செய்வதும், ஊர்த் தேவதையை வேண்டுவதும் அதற்குள் அடங்கும். மூச்சு முட்டும் வரை அதனை இழுத்துப் பாடுவோம். வேறு சொல் சொன்னால் இன்று நடுவர் எச்சரிப்பார். பாட்டு போயிற்று, ஆட்டம் உலகாண்டது. இதனை இழப்பென்று மட்டும் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கண்ணகி நகரிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் கபடியால் வாழ்வு பெற்றுவிட்டனர். பாட்டுக்காக அழுகிறவன் அப்பிள்ளைகளின் எதிரில் நின்று அழ முடியாது.

சிலம்பத்திற்கு இத்தகைய மாற்றம் ஓரளவு இயல்பாகவே பொருந்தும் என்பது என் கருத்து. பழைய ஆசான்மார் கம்பின் நுனியில் குங்குமமோ கரியோ திருநீறோ தோய்த்து ஆட விடுவர். எதிரியின் மேனியில் எத்தனை பொட்டு விழுந்ததோ அத்தனையும் கணக்கு. சாத்தந்தையார் காலத்தில் இல்லாத புள்ளிக் கணக்கைச் சிலம்பத்தார் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருந்தனர். ஐரோப்பிய வாள்வீச்சும் தொடுகையை எண்ணும் ஆட்டமே. அவர்கள் 1936இல் ஒரு பிரிவில் மின்கருவி வைத்து எண்ணத் தொடங்கினர்; நாம் இன்னும் கண்ணால் எண்ணுகிறோம். வேறுபாடு அவ்வளவே. களரிக்கு இது எளிதன்று. 1958இல் கேரளக் களரிப்பயிற்றுச் சங்கம் மாநில விளையாட்டு மன்றத்தின் கீழ் வந்தது முதல், மெய்ப்பயிற்று, வாளும் பரிசையும், உறுமி, தொங்கவிட்ட பந்தை உயர எழும்பிக் காலால் தொடும் சவிட்டிப் பொங்ஙல் என்று போட்டிகளை வகுத்திருக்கின்றனர். அழகுக்கும் உயரத்திற்கும் மதிப்பெண் வந்தது. கால் உயரத் தூக்கியவன் வென்றான். குனிந்து நின்று வர்மம் காக்கும் தெற்கன் முறைக்காரன் அத்தராசில் எடை குறைந்தான். அடிபட்டவனை எழுப்பும் அடங்கலும், சுளுக்கிற்கு உழிச்சிலும், எண்ணெய்க் காப்பும் எந்த மதிப்பெண் தாளிலும் இல்லை. இவை ஆசானின் வீட்டில் இருக்க வேண்டியவை. நடுவர் மேசையில் இருக்க வேண்டியவை அல்ல. ஆசான் வீடு நிலைத்திருக்கும் வரை அதில் குறையொன்றுமில்லை.

அண்மைக் காலத்துச் செய்திகளைச் சுருங்கக் கூறுகிறேன். 2022 ஜூனில் அரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரி, பஞ்சாபின் கட்கா, மணிப்பூரின் தாங்-தா, மல்லர்கம்பம், யோகாசனம் ஆகிய ஐந்தும் இடம்பெற்றன. 2024 ஜனவரியில் தமிழகமே அவ்விளையாட்டுகளை நடத்தியபோது சிலம்பம் காட்சிப் போட்டியாக வந்தது; விழாச் சின்னமாக வேலு நாச்சியார் விளங்கினார். மாநில அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டது. களரி 2023இல் கோவா தேசிய விளையாட்டுகளில் பதக்கப் போட்டியாக நடந்தது. 2025இல் உத்தராகண்டத்தில் அதனைக் காட்சிப் போட்டியாக இறக்கிவிட்டனர். தில்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. ஏறிய படியிலிருந்து ஓராண்டில் இறக்கப்படுவதைக் கண்ட மலையாள நண்பர்கள் என் அலுவலகத்தில் பொருமினர். அன்று அவர்கள் பக்கம் நின்று பேசிய ஒரே தமிழன் நான்தான் என்பதைப் பெருமையாகவே சொல்லிக் கொள்கிறேன்.

சிலம்பத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதற்குச் சம்மேளனம் இல்லையென்பதன்று. ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன என்பதே. தேசியம் என்றும் உலகம் என்றும் பெயர் தாங்கிய அமைப்புகள் பல. ஒன்றின் சான்றிதழை மற்றொன்று மதிப்பதில்லை. கோப்பு எழுதுகிறவன் கண்ணால் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். ஒரே பொருள் பற்றி இரண்டு மனுக்கள் வந்தால் இரண்டையும் ஒதுக்கி வைத்து, எது மெய் என விளக்கம் கேட்டு எழுதுவதே அலுவலக வழக்கம். விளக்கம் வருவதற்குள் ஆண்டு மூன்று போய்விடும்.

இன்னொரு குறையையும் சொல்வேன், அன்பர்கள் சினங்கொள்ளலாகாது. சிலம்பம் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று மேடைதோறும் முழங்குகிறோம். மதுரைக் கடைவீதியில் யவனர்க்குச் சிலம்பக் கம்பு விற்றதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது என்று அச்சிட்ட துண்டறிக்கைகள் உலவுகின்றன. இளங்கோவடிகளை இந்தச் சேர நாட்டிலிருந்தே படிக்கும் பேறு பெற்றவர்கள் நாம். ஊர்காண் காதையை எடுத்துப் பாருங்கள். மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துகில் விற்கும் வீதி, கூலம் விற்கும் வீதி என்றே அது விரிகிறது. இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஏற்பு கேட்டால், இருப்பதையும் ஐயுறுவர். வெல்ஷ் எழுதியது போன்ற ஒரு பக்கச் சான்று ஐயாயிரம் ஆண்டு முழக்கத்தினும் வலியது.

இவ்வளவும் எண்ணுகையில் ஒரு பெண்ணின் முகம் என் கண்முன் வருகிறது. சென்னையிற் பிறந்த பவானி தேவி வாள்வீச்சுப் பயில்வதற்காகத் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்திற்கு வந்தார். வடக்கன் பாட்டு முழங்கும் மண் அது, களரியின் தாய்வீடு. அங்கே அவர் கற்றது ஐரோப்பியரின் சேபர் வாள். 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியரானார். முதற் போட்டியில் துனீசியப் பெண்ணை 15-3 என்று வென்றார். தமிழ்ப்பெண் ஒருத்தி மலையாள மண்ணில் வாள் பழகி உலக அரங்கு சென்றாள் என்றால் இரு நாட்டாரும் மகிழ வேண்டியதே. நானும் அன்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சியின் ஊடே ஒரு முள்ளும் இருந்தது. அந்த வாளுக்குப் பட்டியலில் இடம் இருந்தது. அந்த மண்ணின் வாளுக்கு இல்லை.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒலிம்பிக் வேண்டும் என்று முழங்குவதற்கு முன், தில்லியில் எழுத்தர் மேசை ஒன்றில் கிடக்கும் அந்த அறுபத்து மூன்றோடு அறுபத்து நான்கும் அறுபத்தைந்தும் சேர வேண்டும். அதற்குச் சிலம்பத்தார் ஒரே சம்மேளனமாகக் கூட வேண்டும். களரியாரும் சிலம்பத்தாரும் ஒரே மனுவில் ஒப்பமிட வேண்டும். இரு மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் சேர்ந்து கொடுக்கும் மனுவை ஒதுக்கி வைப்பது அவ்வளவு எளிதன்று. இதனை அனுபவத்தால் சொல்கிறேன். இரண்டு மொழியும் அறிந்து இரண்டு கலையையும் அருகிருந்து காண்பவர் நம் போன்ற குடியேறிய குடும்பத்தாரே. அம்மனுவின் முதல் வரைவை எழுத நம் சங்கத்தினும் தகுதியுடையார் யார்?

நண்பருக்கு ஒரு வாரம் கழித்து உண்மையைச் சொன்னேன். சான்றிதழ் தமிழக அரசுப் பணிக்கு ஒருகால் உதவலாம். இங்கே உதவாது என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வாள்வீச்சிலே சேர்த்துவிடட்டுமா அண்ணாச்சி? கம்பு பழகின கைதானே, சீக்கிரம் பிடிபடுமே" என்றார். சேர்த்துவிடுங்கள் என்று சொல்வதே அறிவுடைமை. என் வாயில் அச்சொல் எளிதில் வரவில்லை. இரண்டையும் பழகட்டும் என்றேன்.

பையன் இரண்டையும் பழகுகிறான் என்று கேள்வி. சென்ற ஞாயிறு வீட்டுக்கு வந்தான். அடுத்த மாதம் நான் விடுப்பில் ஊருக்குப் போவதை எப்படியோ அறிந்திருக்கிறான். நல்ல முற்றிய மூங்கிற் கம்பு ஒன்று வாங்கி வரவேண்டுமாம். பழைய கம்பு இப்போது அவன் தோளுக்குத்தான் வருகிறதாம். நெற்றி உயரத்திற்கு அளந்து முடிச்சிட்ட நூல் ஒன்றை என் கையில் கொடுத்துச் சென்றான். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.